“ஒன்றும் தெரியாத ஆளுக்கு எப்படி இவ்வளவு பேர்?”

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். பதினான்கு வருடமாக வீணை வாசிக்கிறீர்கள். கச்சேரிக்கு நாற்பது பேர் வருகிறார்கள், அதில் பாதி சொந்தக்காரர்கள். உங்கள் தெருப் பையன் ஒருவன் கைபேசிக்கு முன்னால் உட்கார்ந்து பரோட்டா சாப்பிடுகிறான். அவனை லட்சக்கணக்கானோர் பின்தொடர்கிறார்கள், ஜவுளிக்கடைத் திறப்புவிழாவுக்குக் காசு கொடுத்துக் கூப்பிடுகிறார்கள். “குறிப்பிட்ட திறமை எதுவும் இல்லாதவர்கள் எப்படிப் பிரபலமாகிறார்கள்?” என்பது நீங்கள் எழுதிய கேள்வி. அதற்கு அடியில் “அப்படியானால் என் பதினான்கு வருடத்துக்கு என்ன அர்த்தம்?” என்று இன்னொன்றும் கேட்கிறது. முதல் கேள்விக்கு என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும். இரண்டாவதைத் தொடும் தகுதி எனக்கு இல்லை, வீணையில் எனக்கு ஒரு வரிசைகூடத் தெரியாது.

நான் பதினாறு வருடம் தமிழ்த் தொலைக்காட்சியில் ரியாலிட்டி ஷோக்களில் வேலை பார்த்தவன். உதவி எடிட்டராக உள்ளே போய் எபிசோட் டைரக்டராக வெளியே வந்தேன். டிவி பிரபலங்கள் தயாராகும் அடுப்படியை உள்ளிருந்து பார்த்திருக்கிறேன். யூடியூப், இன்ஸ்டாகிராம் பற்றிச் சொல்வதெல்லாம் வாசலில் நின்று எட்டிப் பார்த்தவன் சொல்வது. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இந்தப் பேச்சில் நாம் புகழ், பிரபலம் என்ற இரண்டு சொற்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். புகழ் என்ற சொல்லுக்குள்ளேயே பாராட்டு இருக்கிறது, நாலு பேர் புகழ்ந்தால்தான் அது புகழ். பிரபலம் என்றால் பலருக்குத் தெரிந்தவர், அவ்வளவுதான். ‘பிரபல ரவுடி கைது’ என்று செய்தி போடுகிறோம், யாருக்கும் உறுத்துவதில்லை. ‘புகழ்பெற்ற ரவுடி கைது’ என்று போட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும். உங்கள் தெருப் பையனுக்குக் கிடைத்திருப்பது பிரபலம். அதைப் புகழ் என்று எண்ணுவதால்தான் நியாயம், அநியாயம் என்று மனம் கணக்குப் போடுகிறது. இது கைபேசி கொண்டுவந்த வியாதியும் அல்ல. பிரபலம் என்பவர் பலருக்கும் தெரிந்தவராக இருக்கிறார் என்பதற்காகவே பலருக்கும் தெரிந்தவர் என்று டேனியல் பூர்ஸ்டின் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1960களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார்.

சரி, எப்படி நடக்கிறது? மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாட்டுப் போட்டிக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தோம். காலை ஆறு மணிக்கே டோக்கன் வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. நடுவர்களிடம் அனுப்புவதற்கு முன் எங்கள் ஆட்கள் ஒரு சுற்றுக் கேட்பார்கள். அவர்கள் கையிலிருந்த தாளில் ஐந்து கட்டங்கள்: சுருதி, தாளம், குரல், தோற்றம், கடைசியாக ‘கதை’. அந்தக் கடைசிக் கட்டம் எதற்கு என்று அன்று காலை எனக்கு விளங்கவில்லை. மதியம் ஒரு பெண் கல்யாணி ராகத்தில் ஒரு கீர்த்தனை பாடினாள். பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார். நாலு கட்டத்திலும் பத்துக்கு ஒன்பது. ‘கதை’யில் ஒரு கோடு. அப்பாவுக்கு வங்கி வேலை, அம்மா டீச்சர், வீட்டில் பிரச்சினை எதுவும் இல்லை. அவளுக்குப் பின்னால் வந்த பையனுக்குச் சுருதி நிற்கவே இல்லை. ஆனால் வெளியே போகும்போது டோக்கன் கொடுத்த எங்கள் ஆளிடம் சண்டைக்குப் போய், சண்டை நடுவிலேயே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புரொடியூசர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “அது கேமராவுல இருக்கா?” இருந்தது. அந்தப் பையன் நாலு வாரம் ஓடினான். அந்தப் பெண்ணும் வந்தாள், முதல் சுற்றோடு போய்விட்டாள்.

இதில் வில்லன் என்று யாரையும் காட்ட முடியாது. வியாழக்கிழமை டிஆர்பி வரும். எந்த நிமிடத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள், எப்போது சேனலை மாற்றினார்கள் என்று கோடு ஏறி இறங்கும். நன்றாகப் பாடிய பாட்டுக்கு எங்கள் கோடு பெரும்பாலும் அசையாமல் போகும். யாராவது அழுதால், முறைத்தால், உளறினால் ஏறும். இது நான் வேலை பார்த்த ஏழெட்டு நிகழ்ச்சிகளில் பார்த்தது, எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘கன்டென்ட் குடுக்கிற ஆள்’ என்ற பிரயோகம் எங்கள் தொழிலில் எப்படி வந்தது என்று இதிலிருந்து புரியும். பாடத் தெரிந்தவர் பாட்டைத்தான் கொடுப்பார். கன்டென்ட் கொடுக்கிறவர் மறுநாள் காலை ஆபீஸில் பேசுவதற்கு ஒரு விஷயம் கொடுப்பார்.

அந்த ‘பேசுவதற்கு ஒரு விஷயம்’தான் என் பதிலின் மையம். 1985ல் மோஷே அட்லர் என்ற பொருளாதார ஆய்வாளர் நட்சத்திர அந்தஸ்து பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு கலையை ரசிப்பது தனியாக நடப்பதில்லை, தெரிந்த இன்னொருவரோடு பேசும்போதுதான் ரசனை கூடுகிறது என்பது அவர் வாதம். அதனால் மற்றவர்களுக்கு யாரைத் தெரியுமோ அவரையே நாமும் தெரிந்துகொள்வதுதான் லாபம், பேச ஆள் கிடைக்கும். இரண்டு பேருக்குத் திறமை சமமாக இருந்தாலும், முதலில் கொஞ்சம் கூட்டம் சேர்ந்தவர் பக்கம் மிச்சக் கூட்டமும் சாயும். இதோடு நான் என் அனுபவத்தில் ஒன்று சேர்ப்பேன். உங்கள் வீணையைப் பற்றிப் பேச ராகம் கொஞ்சம், கமகம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் “நல்லா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். பரோட்டா சாப்பிடும் பையனைப் பற்றி யாரும் எதுவும் பேசலாம். என்ன அசிங்கமாகத் தின்கிறான், பாவம் நல்ல பையன், இவனுக்கெல்லாம் ஒரு கூட்டம் – எல்லாரும் அங்கே விமர்சகர். அவனிடம் குறிப்பிட்ட திறமை இல்லாததுதான் அத்தனை பேரையும் உள்ளே விடுகிறது. திட்டுவதற்காகப் பார்ப்பவரும் கணக்கில் ஒரு பார்வையாளர்தான் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

நான் எபிசோட் டைரக்டராக இருந்தபோது புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒருவரைப் பற்றி எப்போதும் சொல்வேன்: ஜேட் குடி. லண்டன் பெர்மாண்ட்சி பகுதியில் ஏழ்மையில் வளர்ந்தவர், பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை பார்த்தவர். 1999ல் நெதர்லாந்தில் தொடங்கிய ‘பிக் பிரதர்’ நிகழ்ச்சியின் பிரிட்டிஷ் பதிப்பில் 2002ல் கலந்துகொண்டார். நம்மூர் ‘பிக் பாஸ்’ இதன் வழியில் வந்ததுதான், ஆனால் இங்கே போல ஏற்கனவே தெரிந்த முகங்களை அங்கே அந்த வீட்டுக்குள் விடவில்லை, சாதாரண ஆட்களைத்தான் விட்டார்கள். ஜேடுக்குப் பாடத் தெரியாது, ஆடத் தெரியாது. இங்கிலாந்தின் கிழக்கிலேயே இருக்கும் ஈஸ்ட் ஆங்லியாவை ‘ஈஸ்ட் ஆங்குலர்’ என்று சொல்லி, அது ஏதோ வெளிநாடு என்று நினைத்தார். நமக்குச் சொல்வதென்றால், கொங்கு நாட்டுக்குப் போக விசா வேண்டுமா என்று கேட்பதுபோல. நாடே சிரித்தது. டேப்லாய்டு பத்திரிகைகள் அந்த இருபது வயதுப் பெண்ணைப் பன்றி என்று எழுதின. பிறகு அதே பத்திரிகைகளுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. கடைசியில் நான்காவது இடத்தில் வெளியே வந்தார். அந்த வருடம் ஜெயித்தவர் கேட் லாலர், பின்னாளில் வானொலித் தொகுப்பாளர். ஆனால் பத்திரிகை விற்றது நான்காவதாக வந்தவரை வைத்து. பேட்டிகள், சொந்த நிகழ்ச்சிகள், தன் பெயரில் ஒரு வாசனைத் திரவியம் என்று ஐந்து வருடம் ஓடியது.

2007 ஜனவரியில் பிரபலங்களுக்கான ‘பிக் பிரதர்’ வீட்டுக்குள் போனார். இந்த முறை அவரே ‘பிரபலம்’. எதற்குப் பிரபலம் என்றால், முந்தைய ‘பிக் பிரதர்’ வீட்டுக்குள் இருந்ததற்கு! அங்கே இந்தி நடிகை ஷில்பா ஷெட்டியை அவரும் இன்னும் சிலரும் நடத்திய விதம் இனவெறி என்று பெரிய சண்டையானது. நாற்பதாயிரத்துக்கு மேல் புகார்கள் போயின. நிகழ்ச்சி நடத்தியவர்களின் கொடும்பாவியைப் பாட்னாவில் எரித்தார்கள். அப்போது இந்தியா வந்திருந்த பிரிட்டிஷ் நிதியமைச்சர் கார்டன் பிரவுன் போன இடமெல்லாம் இதற்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஷில்பா ஜெயித்தார். 2008ல் ஷில்பா தொகுத்து வழங்கிய இந்தி ‘பிக் பாஸ்’ வீட்டுக்கு ஜேட் வந்தார். வந்த இரண்டாம் நாளே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று லண்டனிலிருந்து தகவல். திரும்பிப் போனார், நோயையும் கேமராவுக்கு முன்னாலேயே எதிர்கொண்டார், பிள்ளைகள் இருவருக்கும் பணம் சேர்க்கத்தான் இதைச் செய்கிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். 2009 மார்ச் 22 அன்று, 27 வயதில் இறந்தார். அப்போது பிரதமராகிவிட்ட அதே கார்டன் பிரவுன் இரங்கல் தெரிவித்தார். 2008 நடுவிலிருந்து 2009 நடு வரை இங்கிலாந்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு வழக்கத்தைவிட 4 லட்சத்துக்கு மேற்பட்டோர் கூடுதலாக வந்ததாகப் பின்னர் கணக்கெடுத்தார்கள். இதை நான் ஒரு பாராட்டாகவோ ஆறுதலாகவோ சொல்லவில்லை. திறமை, பிரபலம், பயன் மூன்றும் மூன்று தனித்தனிக் கணக்கு, ஒன்றை வைத்து இன்னொன்றை ஊகிக்க முடியாது என்று காட்டத்தான் சொல்கிறேன்.

இனி, இதில் எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்று பிரிக்கிறேன். ஒருவரைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே அவர் முக்கியமானவர் என்ற எண்ணம் வந்துவிடும் என்பது உறுதி. 1989ல் லாரி ஜேக்கபி என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் செய்த சோதனை இதற்கு அழகான உதாரணம். யாருக்கும் தெரியாத ஆட்களின் பெயர்ப் பட்டியலைச் சிலரைப் படிக்கச் சொன்னார்கள். மறுநாள் அந்தப் பெயர்களை நிஜப் பிரபலங்களின் பெயர்களோடு கலந்து, இதில் யார் பிரபலம் என்று கேட்டார்கள். நேற்றுப் படித்த பெயர்களில் பலவற்றைப் பிரபலம் என்று தவறாகச் சொன்னார்கள். படித்த உடனே கேட்டால் அவ்வளவு தவறு வரவில்லை, எங்கே பார்த்தோம் என்பது நினைவிருந்தது. ஒரு ராத்திரி போனதும் இடம் மறந்துவிடுகிறது, பழக்கம் மட்டும் நிற்கிறது. புரோமோவை ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஏன் போடுகிறோம் என்று நினைக்கிறீர்கள்?

அடுத்தது அதிர்ஷ்டம். மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006ல் வெளியிட்ட ஆய்வில், அறியப்படாத குழுக்களின் 48 பாட்டுகளைச் சுமார் 14,000 பேரிடம் கேட்கக் கொடுத்தார்கள். சிலருக்குப் பாட்டு மட்டும். மற்றவர்களை எட்டுக் கூட்டங்களாகப் பிரித்து, தங்கள் கூட்டத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். எண்ணிக்கை தெரிந்த கூட்டங்களில் ஜெயித்த பாட்டு பெரிதாக ஜெயித்தது, ஆனால் எந்தப் பாட்டு ஜெயிக்கும் என்பது கூட்டத்துக்குக் கூட்டம் மாறியது. தனியாகக் கேட்டவர்களிடம் 26ஆவது இடத்தில் இருந்த ஒரு பாட்டு ஒரு கூட்டத்தில் முதலிடம், இன்னொன்றில் 40ஆவது இடம். அதே சமயம், ரொம்ப நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போனதும், ரொம்ப மோசமான பாட்டு உச்சிக்குப் போனதும் அபூர்வம். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், பலர் விட்டுவிடுகிறார்கள். இன்னொரு எச்சரிக்கை, அது பாட்டுகளை வைத்துச் செய்த சோதனை. மனிதர்களுக்கும் அப்படியே பொருந்தும் என்பது என் ஊகம்.

சந்தேகத்துக்குரியது எது என்றால், ‘திறமை இல்லை’ என்ற நம் தீர்ப்புதான். ஜி.பி. முத்துவை எடுத்துக்கொள்ளுங்கள். உடன்குடிக்காரர், மரச்சாமான் தொழிலில் இருந்தவர். டிக்டாக்கில் வந்தார், 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்ததும் யூடியூபில் தனக்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்தார். வசவுக் கடிதம் வந்தால் “செத்தப் பயலே, நாரப் பயலே” என்று பதிலுக்குத் திட்டுவார். இதில் என்ன திறமை என்று என் எடிட்டர் நண்பர்களே கேட்டார்கள். நான் அந்த வீடியோக்களை எடிட்டிங் மேஜைக்காரன் கண்ணோடு பார்த்தேன். கடிதத்தைப் பிரித்துவிட்டு அவர் நிறுத்தும் அந்த ஒரு நொடி, முகம் மாறுவது, பிறகு அந்தத் தூத்துக்குடிப் பேச்சு – அந்த இடைவெளியை நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாலும் வராது. 2022ல் ‘பிக் பாஸ்’ போனவர், மகனைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வாரத்தில் தானாகவே கிளம்பிவிட்டார். அந்த மேடையில் தங்குவதற்கு ஆட்கள் என்னென்ன செய்வார்கள் என்று அறிந்தவனுக்கு அது பெரிய விஷயம். ஆக, நம்மிடம் பேர் இல்லாத ஒரு திறமையைத் திறமை இல்லை என்று எழுதிவிடுகிறோமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. எல்லாப் பிரபலங்களுக்கும் இந்தச் சலுகையைக் கொடுக்க மாட்டேன். கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து நாங்களே செய்து அனுப்பிய ஆட்களும் உண்டு. ஒரு முறைப்பைச் செவ்வாய்க்கிழமை ஃபுட்டேஜிலிருந்து எடுத்து வியாழக்கிழமைச் சண்டையில் ஒட்டினால் போதும், ஒரு சாதுவான பெண் திமிர் பிடித்தவளாகிவிடுவாள். ஒட்டியிருக்கிறேன்.

பிரபலமாவதும் பிரபலமாகவே இருப்பதும் வேறு வேறு என்பதையும் சொல்ல வேண்டும். கிம் கர்தாஷியனைத் திறமை இல்லாத பிரபலத்துக்கு உதாரணமாக உலகம் முழுக்கச் சொல்வார்கள். குடும்பத்தை வைத்து எடுத்த ரியாலிட்டி ஷோ 2007ல் தொடங்கியது. 2019ல் அவர் தொடங்கிய ஸ்கிம்ஸ் என்ற உள்ளாடை நிறுவனத்துக்கு 2023ல் 400 கோடி டாலர் மதிப்புப் போட்டார்கள். கவனத்தைச் சேர்த்துவைத்து வட்டிக்கு விடுவதும் ஒரு தொழில் வித்தைதான் என்று நினைக்கிறேன், பிடிக்கிறதோ இல்லையோ. ஆனால் பெரும்பாலானோருக்கு அது வாய்ப்பதில்லை. நான் சொன்ன அந்தச் சுருதி நிற்காத பையனை இரண்டு வருடம் கழித்து வடபழனியில் ஒரு டீக்கடையில் பார்த்தேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் அவனையே உற்றுப் பார்த்து, “தம்பி, நீங்க டிவில வந்தீங்கல்ல?” என்றார். இவன் முகம் மலர்ந்தது. “எதுல வந்தீங்க?” என்றார் அவர். இவன் நிகழ்ச்சிப் பெயரைச் சொன்னான். “அதுல என்ன பண்ணீங்க?” அதற்கு அவனால் பதில் சொல்ல முடியவில்லை. டீக்குக் காசு வாங்காமல் அனுப்பினார், அது வேறு.

கடைசியாக, நீங்களும் ரீல்ஸ் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடலாம், ஆனால் ராக ஆலாபனையை ஒரு நிமிடமாக வெட்டிப் போடாதீர்கள், அதற்கும் உள்ளே வர ராகம் தெரிந்திருக்க வேண்டும். எதுவும் தெரியாதவர் நின்று பார்க்கிற இடம் வீணையில் வேறு இருக்கிறது. ஒரு தடவை எங்கள் செட்டில் லைட் சூட்டில் ஒரு வீணையின் மெழுகு இளகி, அதில் பதித்திருந்த மெட்டுகளில், அதாவது கம்பியை அழுத்தி வாசிக்கும் குறுக்குக் கட்டைகளில், இரண்டு நகர்ந்துவிட்டன. வாசிக்க வந்த பெரியவர் ஷூட்டிங்கை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, மெழுகைச் சூடுகாட்டி, கம்பியை மீட்டி மீட்டி, அந்த இரண்டையும் நூலளவு நூலளவாக நகர்த்தி உட்கார வைத்தார். அரை மணி நேரம் ஆயிற்று. லைட் பாய் முதல் கேன்டீன் ஆள் வரை சுற்றி நின்று பார்த்தார்கள், ஒருவர்கூட போனை எடுக்கவில்லை. கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. எடிட்டில் அதை நான் வெட்டிவிட்டேன், அந்த வாரச் சண்டைக்கு இன்னும் இரண்டு நிமிடம் தேவைப்பட்டது.